வீட்டில் ஒரு சிறு கடல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சேத்தூரில் கடல்மீன் வளர்க்க இயலுமா? இயலும். ஆனால் முதலில் பக்குவப்படுத்த வேண்டியது தொட்டி நீரையே.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சமையல் உப்பு மட்டும் போதாது. மக்னீசியம், கால்சியம் முதலியனவும் தேவை. எனவே மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய நீரில் கரைத்தல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரை இருத்தல் நலம்.

மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீனில்லாத தொட்டியில் சிறிது தீவனம் இட்டு வைத்தால், நான்கு முதல் ஆறு வாரங்களில் இவை வடிகட்டியில் பெருகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமான பின்னரே மீனை விடலாம். எஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்க அவ்வப்போது ஒரு பகுதி நீரை மாற்றுதல் வேண்டும்.

பவளத்திற்கு ஆசைப்படலாமா? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப்பாறைகளை வெட்டி அழித்தோம். அங்குள்ள 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆகவே அதன் இடத்தில் பீங்கான் துண்டுகளை அடுக்கலாம்.

மீனையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டுவதில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையைக் கண்டுள்ளது. அவ்வாறு வளர்ந்த இரண்டு மீன்களே தொடக்கத்திற்குப் போதும். கடலின் அழகை வீட்டிற்குக் கொணர்வோர் கடலை வறிதாக்காமல் கொணர்வதே அறிவுடைமை.