பக்கவாதம்: மணியைப் பார்த்து வையுங்கள்



பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு மாத உதவி கொண்டு செல்லும்போது, "முதல் நாள் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்?" என்று கேட்போம். "மறுநாள்தான் போனோம்" என்பதே அடிக்கடி வரும் பதில். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தவர்கள் உண்டு. துபாயில் இருக்கும் மகன் டியூட்டி முடிந்து போனை எடுக்கட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. இந்த மாதம் இதைப் பற்றி எழுதுவதற்கு அதுவே காரணம்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும், வெடித்து இரத்தம் கசிந்தாலும் வரும். பெரும்பாலும் வருவது அடைப்புதான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு அணுக்கள் அழிவதாக மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதிலும் முதல் மணி நேரத்தில் போடுவதற்கும் நான்காவது மணி நேரத்தில் போடுவதற்கும் பலனில் நிறைய வித்தியாசம் உண்டு. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் உண்டு. அதைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் செய்கிறார்கள். ஸ்கேனைப் பார்த்துச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது.

இந்த நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். நாம் கண்டுபிடித்த நேரம் கணக்கில் வராது. அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரமே கணக்கு. இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் ஃபஜ்ருக்கு எழுப்பும்போது கை விளங்காமல் கிடந்தால், மருத்துவரிடம் 10 மணி என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக, நேரம் கடந்துவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இப்படித் தூக்கத்தில் வந்தவர்களிலும் சிலருக்கு ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை தருகிறார்கள்.

அறிகுறியைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்களை மூடி இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீரென்று நடை தள்ளாடுவது, ஒரு கண்ணோ ஒரு பக்கப் பார்வையோ மறைவது, இதுவரை கண்டிராத கடும் தலைவலி ஆகியவையும் இதில் சேரும். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

பேச்சைச் சோதிப்பதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. சிறு வயதிலிருந்து மனப்பாடமாக ஓதிவந்த கலிமாவும் ஃபாத்திஹாவும், பேச்சு பாதிக்கப்பட்ட பிறகும் சிலருக்குத் தடையின்றி வரும். புதிதாக ஒரு வாக்கியத்தை அமைத்துப் பேசத்தான் அவர்களால் முடியாது. ஆகவே "அத்தா கலிமா சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரிய பக்கவாதத்துக்கு முந்திய எச்சரிக்கையாக அது இருக்கலாம். அடுத்த சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை.

உடனே 108-ஐ அழைத்து, "பக்கவாதம்" என்ற சொல்லையே சொல்லுங்கள். எந்நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்கிறோம். கசிவாக இருந்தால் அதுவே விஷமாகும். இரத்த அழுத்தத்தை இறக்க நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் ஆபத்து. தண்ணீர், காபி, ஸம்ஸம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சர்க்கரை நோயாளியானால் அதைச் சொல்லுங்கள்; சர்க்கரை மிகக் குறைந்தாலும் இதே போலத் தோன்றும்.

புறா இரத்தம் தேய்ப்பதை இன்னும் கேள்விப்படுகிறோம். அதில் ஒரு பயனும் இல்லை. ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை; ஹஜ்ரத்தைத் தேடி அலையாமல் ஆம்புலன்ஸிலேயே நீங்களே ஓதுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தான். வீட்டில் ஆண்கள் இல்லை, பெண் மருத்துவர் இல்லை என்று உம்மாவை வீட்டில் வைத்திருப்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் சலுகை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, "எனக்குப் போன் செய்ய வேண்டாம், முதலில் கிளம்புங்கள்" என்று இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள்.

வராமல் தடுப்பதில் பெரும்பங்கு இரத்த அழுத்தத்துக்குத்தான். அது ஏறியிருப்பது உடம்புக்குத் தெரியாது. 140/90-ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவம் தேவை. "இப்போது நார்மல்" என்று மாத்திரையை நிறுத்துபவர்களே நமக்குப் பெரிய கவலை. நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தானே! தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் பதியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் அந்த அளவு எங்கே நிற்கும்? பீடி, சிகரெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். இதயத்தில் உருவாகும் கட்டி மூளைக்குப் போவதும் ஒரு காரணம்.

ரமளானில் பலர் பகல் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் போய், எந்த மாத்திரையை ஸஹரில், எதை இஃப்தாரில் போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், பிறகு களாச் செய்யவும், குணமடைய வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கவும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது.