பூக்கார அக்காவின் வயிற்றுக் கட்டி

கிழக்கேகோட்டை. விடியற்காலை நேரம். தோவாளையில் இருந்து பூக்கூடைகள் வந்து இறங்குகின்றன. பழவங்காடி கணபதி கோயில் பக்கம் ஒரு அக்கா உட்கார்ந்து பூத் தொடுக்கிறார். வயது 43. பூக்கார அக்கா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆறு மாதமாக அக்காவுக்கு மாதவிலக்கு சரியில்லை. பத்து நாள் வரை ரத்தம் போகிறது. கட்டிகட்டியாகப் போகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடிவயிறு கனக்கிறது. அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது. பூவை விட்டுவிட்டு எத்தனை தடவை எழுந்து போவது? அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் வயிற்றுக் கட்டி வந்து இறந்து போயிருந்தார். நமக்கும் அதுதான் என்று அக்கா பயந்தார். மகள் கல்யாணம் முடியட்டும் என்று நாளைக் கடத்தினார்.

சாலைக் கடைத்தெருவில் காய்கறி விற்கும் பெண் ஒருநாள் கேட்டார்.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

அக்காவுக்குக் கண் கலங்கியது. எல்லாவற்றையும் சொன்னார்.

"நாளைக்கே தைக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாறேன்" என்றார் அந்தப் பெண்.

தைக்காட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1916 முதல் வேலை பார்த்த இடம் அது. பிறகு அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்ட பெண்கள் அவரைத் தேடி வந்த காலம் அது.

ஓ.பி. சீட்டு வாங்கினார்கள். டாக்டரம்மா முதலில் கேள்விகள் கேட்டார். கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது? எத்தனை நாள் போகிறது? ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறீர்கள்? பசி எப்படி? உடம்பு மெலிந்ததா? பிறகு கையால் அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தண்ணீரைக் குறைத்திருந்த அக்காவுக்கு அதுதான் பெரிய பாடு!

வயிற்றுக் கட்டியை ஸ்கேனில் பார்க்கும் வழக்கம் ரொம்பப் பழையது அல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற டாக்டர் இதைத் தொடங்கினார். அங்கே ஒரு பெண்ணுக்கு வயிறு வீங்கியிருந்தது. முற்றிய புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். டொனால்டு ஒலி அலையை அனுப்பிப் பார்த்தார். உள்ளே இருந்தது சினைப்பையில் ஒரு பெரிய நீர்க்கட்டி. அதை எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தார். 1958-இல் டொனால்டு இந்த முறையைப் பற்றி உலகுக்கு எழுதினார்.

அக்காவின் ஸ்கேனில் இரண்டு கட்டிகள் தெரிந்தன.

"இது கேன்சரா டாக்டரம்மா?"

"பெரியது கர்ப்பப்பையில் இருக்கிறது. சாத்துக்குடி அளவு. இதற்குப் பைப்ராய்டு என்று பெயர். கர்ப்பப்பைத் தசையே உருண்டு வளர்வது. இது புற்றுநோய் அல்ல. இதில் புற்றுநோய் இருப்பது மிக மிக அரிது. தீட்டு நிற்கும் வயது வந்தால் பெரும்பாலும் தானே சுருங்கும். ஆனால் உங்களுக்கு ரத்தம் 7 கிராம்தான் இருக்கிறது. 12 இருக்க வேண்டும். அதனால் சும்மா விட முடியாது."

"இன்னொன்று?"

"இடது சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி. உள்ளே வெறும் தண்ணீர்தான். மாதாமாதம் முட்டை வளரும்போது இப்படி வருவது உண்டு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்."

சினைப்பையில் வரும் எல்லாக் கட்டியையும் இப்படி விட்டுவிட மாட்டார்கள். உள்ளே சதை வளர்ந்திருந்தால், வயிற்றில் நீர் கோத்திருந்தால், தீட்டு நின்ற பிறகு வந்திருந்தால் கவனம் தேவை. அப்போது சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பைப்ராய்டு இருந்தாலே அந்த எண் கூடலாம். ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள். சந்தேகமான கட்டியை உடையாமல் முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சினைப்பைப் புற்றுநோய் சத்தம் போடாமல் வளரும். வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். இதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தே பல மாதம் போய்விடுகிறது. கட்டி முறுக்கிக்கொண்டால் திடீரென ஒரு பக்கம் கடுமையாக வலிக்கும், வாந்தி வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். டீயோடு சாப்பிடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள் என்றார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கவும் மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்தோலைச் சிறிது எடுத்துச் சோதித்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் ஆயிற்று. நீர்க்கட்டி மறைந்திருந்தது. ரத்தம் 11 கிராம் ஆகியிருந்தது. போக்கு மட்டும் நிற்கவில்லை.

கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கலாம். கர்ப்பப்பையையே எடுக்கலாம். டாக்டரம்மா மூன்றையும் விளக்கினார். வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னார்.

இது அவசரப்படும் காரியம் அல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019-இல் ஒரு விசாரணை நடந்தது. கரும்பு வெட்டும் பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்திருந்தது தெரிந்தது. பலர் இளம் வயதுப் பெண்கள். தீட்டு வந்தால் வேலை கெடும், கூலி போகும். புற்றுநோய் வரும் என்ற பயம் வேறு.

அக்கா வீட்டில் கலந்து பேசினார். இரண்டு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அது மலையாளத்தில் இருந்தது. அக்கா தமிழ்தான் படிப்பார். மகள் இரண்டு தடவை வாசித்துச் சொன்னாள்.

"சினைப்பையையும் எடுப்பீங்களா டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டார்.

"அது நன்றாக இருக்கிறது. எடுக்கமாட்டோம். இந்த வயதில் எடுத்தால் உடம்பு சுடும், தூக்கம் போகும், எலும்பு பலம் குறையும்."

அதையும் படிவத்தில் எழுதச் சொன்னார் அக்கா. எழுதினார்கள். பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டார்.

எடுத்த கட்டியைச் சோதித்ததில் பைப்ராய்டு என்றே முடிவு வந்தது. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். அதுவரை மகள்தான் கூடையைச் சுமந்து வந்தாள். அக்கா உட்கார்ந்து தொடுத்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.