பில்லிங் எதிலோ, வெப்சைட்டும் அதிலேயா?

கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் ரெடிமேட் வியாபாரி யாராவது வெப்சைட் பேச்சை எடுத்தால் போதும், அடுத்து இது வரும்: "நம்ம பில்லிங் எஸ்கியூஎல் சர்வர்ல இருக்கு. வெப்சைட்டும் அதிலதான் ஓடணும். வேர்ட்பிரஸுக்கு ஒரு பிளகின் போட்டா சரியாயிடும்." கார்டன் ரீச் வட்டாரம் முழுக்க இந்தக் கதை சுற்றுகிறது. யார் கிளப்பிவிட்டார்களோ, கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

சரியாகாது. 2003-இல் வெளிவந்த நாளிலிருந்து வேர்ட்பிரஸ் மைஎஸ்கியூஎல்லோடு பேசத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் கிளையான மரியாடிபியும் ஒத்துவரும். பக்கத்துக்குப் பத்து குர்தா காட்டும் கடையில் மூன்றாம் பக்கத்தைத் திறந்தால், வேர்ட்பிரஸ் 'லிமிட் 20, 10' என்று கேட்கும். முதல் இருபதை விட்டுவிட்டு அடுத்த பத்தைக் கொடு என்று பொருள். எஸ்கியூஎல் சர்வருக்கு 'லிமிட்' என்ற சொல்லே கிடையாது. பிழை என்று முகத்தில் அடிக்கும். அந்த பிளகின் நடுவில் நிற்கும் துபாஷி. ஒவ்வொரு கேள்வியையும் பிடித்து, மாற்றி எழுதி அனுப்பும். வேர்ட்பிரஸ் கேட்கும் கேள்விகளை ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் கூரியர் பிளகின், கூப்பன் பிளகின் எல்லாம் தன் போக்கில் மைஎஸ்கியூஎல் நடையில் எழுதித் தள்ளுமே, அங்கேதான் திணறும். எஸ்கியூஎல் சர்வரில் ஓடவைக்க வேர்ட்பிரஸையே கிளை பிரித்து 'புராஜெக்ட் நமி' என்று தனியாக நடத்த வேண்டியிருந்தது. பிளகினால் முடிகிற வேலையாக இருந்தால் அதை நடத்தியவர்களுக்கு ஏன் இந்தப் பாடு?

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் வேறு தொல்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி 'குர்தா' என்று பதிந்திருப்பீர்கள். வாடிக்கையாளர் சின்ன எழுத்தில் தேடுவார். மைஎஸ்கியூஎல் வழக்கமான அமைப்பில் கண்டுபிடித்துத் தரும். போஸ்ட்கிரெஸின் 'லைக்' தேடல் தராது. சரக்கு இருந்தும் இல்லை என்று காட்டும் கடை!

அதிருக்கட்டும், இரண்டும் ஒரே டேட்டாபேஸில் எதற்கு? தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இதே கார்டன் ரீச்சில்தான் இருக்கிறது. டிக்கெட் முன்பதிவுக் கணக்கு பிஆர்எஸ் என்ற தனி அமைப்பில் கிடக்கிறது; டெண்டர் அறிவிப்பு போடுகிற வெப்சைட் வேறு. உங்கள் வெப்சைட்டுக்கும் தனியாக ஒரு மைஎஸ்கியூஎல் கொடுங்கள். ராத்திரி ஒருமுறை பில்லிங்கிலிருந்து ஸ்டாக், விலை இரண்டையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து அதில் ஏற்றுங்கள். யாராவது வெப்சைட்டை உடைத்து நுழைந்தாலும் பில் கணக்கு தப்பிக்கும். போஸ்ட்கிரெஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமா? வேர்ட்பிரஸை விட்டுவிடுங்கள்; வெப்சைட் கட்ட உதவும் துருபால், ஜூம்லா, வாக்டெயில் மூன்றுமே அதை நேரடியாக ஆதரிக்கின்றன. எஸ்கியூஎல் சர்வர் என்றால் அம்ப்ராகோ.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். மைஎஸ்கியூஎல் ஆரக்கிள் கைக்குப் போய்விட்டது, இனி காசு கேட்பார்களாம். போனது 2010-இல், இலவசப் பதிப்பு இன்றும் இருக்கிறது, போதாதென்றால் மரியாடிபி இருக்கிறது. மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் போட்டால் பறக்குமாம். வெப்சைட் கட்ட உதவும் ஸ்ட்ராபி தன் நான்காம் பதிப்பில் மாங்கோடிபி ஆதரவையே கழற்றிவிட்டது. வங்காளமும் உருதும் தமிழும் ஒரே டேபிளில் நிற்காதாம். 'யுடிஎஃப்8எம்பி4' என்று அமைத்தால் நிற்கும்; வேர்ட்பிரஸ் 2015-இலேயே அதற்கு மாறிவிட்டது.

எந்த டேட்டாபேஸ் என்று இத்தனை பேர் கேட்கிறார்கள், அதன் நகல் யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. தையல் மெஷினுக்கு ரசீது வாங்கிப் பூட்டி வைக்கிற ஒஸ்தாகர் (தையல் பட்டறை முதலாளி), வெப்சைட்டின் பாஸ்வேர்டைக்கூடக் கட்டிக்கொடுத்த பையனிடமே விட்டுவைக்கிறார். அவன் நம்பரை மாற்றினால் கடை போச்சு. வாரம் ஒருமுறை டேட்டாபேஸின் நகலான டம்ப் கோப்பை உங்கள் பென்டிரைவில் வாங்குங்கள். வாங்கியதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, கடை திறக்கிறதா என்று அவனையே உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.