பதினாறு இடத்துக்குள் ஓர் இடாப்பு எண்



மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் பயில்வோர் கொள்முதல் ஏட்டையும் விற்பனை ஏட்டையும் நன்கு அறிவீர்கள். நாள், விவரம், இடாப்பு எண், பேரேட்டுப் பக்க எண், தொகை என்று பத்தி பத்தியாகக் கோடிட்டு எழுதுகிறோம். (இடாப்பு என்பது வேறொன்றுமன்று, கடைத்தெருவில் ‘பில்’ என்றும் அலுவலகத்தில் ‘இன்வாய்ஸ்’ என்றும் வழங்குவதுதான். பெற்றோர்கள் பொறுத்தருள்க.) இடாப்பு எண்ணுக்கு நாம் விடும் பத்தி மிகக் குறுகலானது. எண் நீண்டுவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கி எழுதுகிறோம், அல்லது பாதியைக் கீழ் வரிக்கு இறக்குகிறோம். காகிதம் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். கணிப்பொறி பொறுத்துக்கொள்ளாது. அதனால் நேரும் தொல்லையையும், அதனைத் தீர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

இக்காலத்தில் பெரிய கடைகளில் இடாப்பு ஒரு மென்பொருளில் பிறக்கிறது. கணக்கு வேறொரு மென்பொருளில் எழுதப்படுகிறது. முன்னதிலிருந்து நூற்றுக்கணக்கான இடாப்புகளை எக்செல் போன்ற அட்டவணையாக எடுத்து, டேலி முதலிய கணக்கு மென்பொருளில் ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறார்கள். அட்டவணையின் ஒவ்வொரு பத்தியும் கணக்கு மென்பொருளில் ஒரு கட்டத்தில் போய் உட்கார வேண்டும். அக்கட்டம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம்தான் என்ற அளவு உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் இடம். இலக்கம், சாய்கோடு, சிறுகோடு, வெற்றிடம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

இவ்வழக்கம் புதிதன்று. 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளை அட்டையில் 80 பத்திகளே இருந்தன. பெயருக்கு இத்தனை, தொகைக்கு இத்தனை என்று அந்த எண்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கங்களுக்குப் பதில் இரண்டையே எழுதும் சிக்கனமும் அக்காலத்ததே. 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் அந்தச் சிக்கனத்துக்கு உலகம் எவ்வளவு செலவழித்தது என்பதை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் நாட்டில் இடாப்பு எண்ணுக்குச் சட்டமே ஓர் அளவு வகுத்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 46ஆம் விதி, இடாப்பின் தொடர் எண் 16 இடங்களுக்கு மேற்படலாகாது என்கிறது. ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு, சாய்கோடு ஆகியவை மட்டும் வரலாம். ஒரு நிதியாண்டில் ஒரு முறை வந்த எண் மீண்டும் வரலாகாது. ஆக, நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒன்றைப்போல் மற்றொன்று இராமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதில்தான் சிரமம் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலும் மதுரையிலும் கிளைகள் உள்ள சீருடைத் துணிக்கடை அது. கிளைக்கு அஞ்சல் குறியீட்டு எண், பிறகு நிதியாண்டு, பிறகு தொடர் எண் என்று அதன் விற்பனை மென்பொருள் 620001/2025-2026/00417 என்று எண் இடுகிறது. எண்ணிப் பாருங்கள்: 6, 1, 9, 1, 5, மொத்தம் 22 இடங்கள். இதனை 16 இடமுள்ள கட்டத்தில் ஏற்றினால் என்ன நடக்கும்?

மென்பொருளுக்கு மென்பொருள் குணம் மாறும. ஒன்று, “இந்த வரி நீளம், ஏற்கமாட்டேன்” என்று அந்த வரியை மட்டும் திருப்பி அனுப்பும். இன்னொன்று கோப்பு முழுவதையுமே திருப்பிவிடும். மூன்றாவது வகை, ஒரு சொல்லும் சொல்லாமல் முதல் 16 இடங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். முதலிரண்டும் நமக்கு எரிச்சலூட்டும். ஆயினும் அவை நேர்மையானவை. மூன்றாவதே ஆபத்தானது.

நம் கடையின் எண்ணில் முதல் 16 இடங்கள் எவை? 620001/2025-2026. இதில் தொடர் எண்ணே இல்லை! திருச்சிக் கிளையின் ஓராண்டு இடாப்புகள் அனைத்துக்கும் இதே எண்தான் மிஞ்சும். 00417, 00418, 00419 ஆகிய மூன்று இடாப்புகளின் தொகை முறையே 4,200, 1,050, 2,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் வெவ்வேறு வாடிக்கையாளருக்கு உரியவை. ஒரே எண் இருமுறை வரலாகாது என்று மென்பொருள் கருதினால், முதல் இடாப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடும். 3,150 ரூபாய் கணக்கில் ஏறாது. இதையாவது மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

வேறு சில மென்பொருள்கள், ஒரே எண்ணுடைய வரிகளை ஒரே இடாப்பின் பல உருப்படிகள் என்று கருதிச் சேர்த்துவிடும். அப்போது மொத்தம் 7,350 என்று சரியாகவே வரும். ஆனால் அவ்வளவும் முதல் வாடிக்கையாளர் ஒருவர் தலையில் விழும். இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று பாடத்தில் படித்தீர்களே, அவற்றுள் ஒன்று இது. ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை வேறொருவர் கணக்கில் எழுதியிருக்கிறோம். பற்றும் வரவும் ஒத்துப்போகின்றன. ஆகவே ஏற்றிய பிறகு தொகையைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. எத்தனை இடாப்புகள் அனுப்பினோம், எத்தனை ஏறின என்ற எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

“தலையை வெட்டினால் போயிற்று, கடைசி 16 இடங்களை வைத்துக்கொள்ளலாமே” என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். எக்செலில் அதற்கு எளிய சூத்திரமும் உண்டு. நம் எண்ணில் அப்படிச் செய்தால் கிடைப்பது /2025-2026/00417. கிளை போய்விட்டது, மதுரைக் கிளையின் 417ஆம் இடாப்பும் இதே எண்ணைப் பெறும். போதாக்குறைக்கு, மின்னணு இடாப்புப் பதிவில் சாய்கோட்டிலோ, சிறுகோட்டிலோ, சுழியிலோ தொடங்கும் எண் ஏற்கப்படுவதில்லை. எனவே முன்னால் வெட்டினாலும் பின்னால் வெட்டினாலும் துன்பமே.

அப்படியாயின் எதைக் குறைப்பது? எல்லா இடாப்புகளிலும் மாறாமல் வருவதைக் குறைக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்திக் காட்டுவதைத் தொடக் கூடாது. இரண்டே கிளைகளுக்கு ஆறிலக்க அஞ்சல் எண் எதற்கு? திருச்சிக்கு 1, மதுரைக்கு 2 போதும். 2025-2026 என்பதை 25-26 என்று எழுதினால் யாருக்கும் ஐயம் எழாது. தொடர் எண்ணின் ஐந்து இலக்கங்களை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். இப்போது 1/25-26/00417 என்று 13 இடங்களில் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளைச் சென்னையிலிருந்தே எழுதும் நம் பழைய மாணவியருக்கு இன்னும் குறுகிய கட்டங்களும் வாய்க்கும். குவிக்புக்ஸ் மென்பொருளின் டெஸ்க்டாப் வடிவில் விற்பனை இடாப்பு எண்ணுக்கு 11 இடமே. அதன் ஆன்லைன் வடிவில் 21. பதினொன்றுக்குள் வேண்டுமானால் நிதியாண்டு முடியும் ஆண்டை மட்டும் கொண்டு 1/26/00417 என்று பத்து இடங்களில் எழுதலாம்.

கிளை 1 எது, 2 எது என்று எங்கேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தப்படும்வரை நம் நாட்டில் தந்தி இருந்தது. அதற்குச் சொற்கணக்கில் கட்டணம். விலாசமும் கணக்கில் சேரும். அதனால் பெரிய கம்பெனிகள் ஒற்றைச் சொல்லில் ஒரு தந்தி விலாசத்தைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டன. பழைய கடிதத் தாள்களின் தலைப்பில் இன்றும் காணலாம். அந்த ஒரு சொல் கம்பெனியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி? தந்தி அலுவலகத்தில் அதற்கொரு பதிவேடு இருந்தது. அதுபோல, பழைய நீண்ட எண் ஒரு பத்தியிலும், புதிய குறுகிய எண் அடுத்த பத்தியிலுமாக ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் கட்டாயம் வேண்டும். முழு எண்ணை, இடம் தாராளமாயுள்ள விளக்கக் குறிப்பிலும் எழுதிவிட்டால் தேடும்போது அகப்படும்.

இங்கே மிக முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் நாம் விற்பவராக இருந்து, இடாப்பை வாடிக்கையாளர் கையில் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை. கொடுத்த பிறகு அந்த எண் நமக்கு மட்டும் உரியதன்று. கணக்கில் ஏற்றும் வேளையில் அதைக் குறுக்கினால், வாடிக்கையாளர் கையிலுள்ள தாளில் ஓர் எண்ணும் நம் ஏட்டில் வேறோர் எண்ணுமாக இருக்கும். நாம் வாங்குபவராயின், விற்றவர் இட்ட எண்ணை ஒரு புள்ளியும் மாற்றாமல் எழுதுவதே முறை. கட்டம் போதாவிடில் அக்கட்டத்தில் நம் வரிசை எண் ஒன்றை இட்டு, விற்றவரின் எண்ணை முழுமையாக வேறு கட்டத்தில் வைக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்றால், வாங்கியவர் தாம் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறுவதற்கு, விற்றவர் தம் ஜி.எஸ்.டி.ஆர்.-1 அறிக்கையில் அந்த இடாப்பைக் காட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படி. அது வாங்கியவரின் 2பி அறிக்கையில் வந்து நிற்கும். அங்கே எண் மாறியிருந்தால் அவருடைய கணக்கர், “இந்தப் பில்லைக் காணோம்” என்பார். காணாத பில்லுக்குப் பணம் வராது. மேலே சொன்ன 2,100 ரூபாய் ஒரு பெரிய ஆலைக்குப் பொருட்டன்று. நான்கு தையல் இயந்திரம் வைத்து, வாரக் கடைசியில் கூலி கொடுக்க வேண்டிய ஒரு பெண்மணிக்கு அது பெரிய பொருட்டு.

பெயர்களிலும் இதே வம்பு உண்டு. சேஜ் 50 என்னும் மென்பொருளின் பிரிட்டிஷ் பதிப்பில் வாடிக்கையாளர் குறியீட்டுக்கு 8 இடமே. புனித அன்னாள் பெயரால் ஒரு கடையும், புனித அந்தோணியார் பெயரால் ஒரு கடையும் இருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘செயிண்ட்’ என்பதற்கு 5 எழுத்து, வெற்றிடம் 1, அதன்பின் பெயரின் முதலிரண்டு எழுத்து. எட்டோடு நிறுத்தினால் இரு புனிதர்களும் ஒருவராகிவிடுகிறார்கள்! நம் ஊர்களில் எத்தனை கடைகளும் பள்ளிகளும் ‘செயிண்ட்’ என்றே தொடங்குகின்றன என்று எண்ணினால் இது வெறும் வேடிக்கையன்று. பொருளின் பெயரிலும் வேறுபடும் சொல்லை முன்னே வைப்பதே நல்லது: ‘நீலப் பருத்திச் சீருடைத் துணி 36 அங்குலம்’ என்பதைவிட ‘36 அங்குலம் நீலப் பருத்தி’ என்பது வெட்டுக்குத் தப்பும்.

தமிழில் பெயர் எழுதுவோர்க்கு இன்னொரு செய்தி. ‘அந்தோணியார்’ என்பது நம் கண்ணுக்கு ஆறெழுத்து. கணிப்பொறியோ யூனிகோடு முறையில் கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணி அதைப் 11 குறிகளாகக் கொள்கிறது. பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ஆக 33 பைட்டு. கட்டம் 30 பைட்டில் முடிந்தால் கடைசிப் புள்ளி போய் ‘அந்தோணியார’ என்று நிற்கும். 31இல் முடிந்தாலோ, அரைகுறைப் பைட்டு ஒன்று மிஞ்சி, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வினாக்குறியாக முழிக்கும். கட்டத்தின் அளவு எழுத்திலா, பைட்டிலா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

ஏற்றுமுன் செய்யும் சோதனை எளிது. எண் பத்திக்கு அருகில் ‘லென்’ என்னும் சூத்திரத்தை இட்டால் ஒவ்வொன்றின் நீளமும் தெரியும். குறுக்கிய பின் ‘கவுண்ட்இஃப்’ சூத்திரத்தை இட்டு, எங்கும் 1 தவிர வேறு வரவில்லை என்று பார்க்கவும். அதற்கும் முன்னதாக அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் எக்செல் 00417 என்பதை 417 ஆக்கும், 3-12 என்பதைத் தேதியாக்கும், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுழியாக்கிவிடும். அது 15 இலக்கம் வரையே நினைவில் கொள்ளும். 15 இடமுள்ள ஜி.எஸ்.டி. பதிவு எண்ணையும் 11 இடமுள்ள வங்கிக் கிளைக் குறியீட்டையும் எக்காரணம் கொண்டும் சுருக்க முயலாதீர்கள்.

வணிகவியல் மாணவியர்க்கு ஒரு பயிற்சி: ஒரு புத்தகக் கடைக்கு 12 கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் மாதத்துக்கு 9,000 இடாப்பு வரை போடுகிறார்கள். மாதந்தோறும் தொடர் எண் 1இலிருந்து தொடங்குகிறது. கிளை, ஆண்டு, மாதம், தொடர் எண் நான்கும் தெரியும்படி 13 இடங்களுக்குள் ஓர் எண் அமைக்கவும். கிளை எண் 01 என்றும் மாத எண் 04 என்றும் சுழியில் தொடங்கக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு, முதலிடத்தில் எதை வைப்பீர்கள் என்று சொல்லவும்.