படம் பிடிக்கப் போகும் பிள்ளைக்குக் கடைக்காரர் சொல்லும் பாடம்

வியாபாரச் சகோதரர்களே!

சங்க ஏட்டில் கணக்கு, வரி, கடன் பற்றிய பாடங்கள் வருவதுதான் வழக்கம். இம்முறை காமிராவைப் பற்றிய பாடம் ஒன்றை எழுத முன்வந்திருக்கிறோம். “மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாத மளிகைக் கடைக்காரருக்குக் காமிராவைப் பற்றி என்ன தெரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிம்பாங் அம்பாட்டில் நம் கடையில் நிற்கும் தங்கை மகன், சென்ற ஆண்டு ஜார்ஜ் டவுனில் நடந்த செய்திப்படப் பயிற்சி முகாம் ஒன்றுக்குத் தேர்வானான். அவனை ஆயத்தம் செய்கையில், அரிசி மூட்டைகளுக்கிடையே உட்கார்ந்து அவனோடு நாமும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒன்றுக்குப் போகக்கூடும்.

செய்திப்படம் என்பது யாது?

கல்யாணப் படத்தில், கூலி கொடுத்தவர் நிற்கச் சொன்னபடி நின்று சிரிப்பார்கள். செய்திப்படத்தில் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. நடப்பதை நடந்தபடியே எடுக்க வேண்டும். கூட்டு முகாம்களில் இளைஞர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அனுபவம் வாய்ந்த படக்காரரை ஆசிரியராக வைப்பார்கள். பகலெல்லாம் படமெடுத்து, மாலையில் எல்லார் முன்னிலையிலும் வைத்துக் குறை நிறை பேசி, முடிவில் பொதுமக்களுக்குக் காட்டுவார்கள்.

அமெரிக்காவில் எட்டி ஆடம்ஸ் என்பவர் 1988இல் தொடங்கிய முகாமில் நூறு பேரைத் தேர்ந்து பத்துக் குழுக்களாக்கி, நான்கு நாட்கள் கட்டணமில்லாமல் கற்பித்தார்கள். கம்போடியாவின் சியம் ரீப் நகரில் 2005 முதல் ஆசிய இளைஞர்களுக்கென்றே அங்கோர் முகாம் நடந்து வந்தது. நம் ஜார்ஜ் டவுனிலேயே 2013இல் ஒப்ஸ்குரா புகைப்பட விழா தொடங்கியது. ஆகையால் இது எட்டாத விஷயமன்று.

அந்த எட்டி ஆடம்ஸின் வாழ்க்கையே ஒரு பாடம். 1968 பிப்ரவரி 1ஆம் தேதி சைகோன் வீதியில், தளபதி ஒருவர் கைதியைச் சுட்டுக் கொன்ற கணத்தை அவர் படமெடுத்தார். அதற்கு 1969இல் புலிட்சர் பரிசும் பெற்றார். ஆனால் அந்த ஒரு கணமே தளபதியின் வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பாகிவிட்டதே என்று பின்னாளில் மிகவும் வருந்தினார். வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி வந்து, கரையேற இடமில்லாமல் தவித்த மக்களை 1977இல் அவர் எடுத்த படங்களோ, அமெரிக்கா அகதிகளை ஏற்கத் துணை நின்றன. பரிசு பெற்ற படத்தைவிட இந்தப் படங்களுக்காகப் பேசப்படுவதையே அவர் விரும்பினார். ஒரு படம் மனிதனைக் கரையேற்றவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும் என்பது இதனால் விளங்குகிறது.

பினாங்கில் நடந்த பழைய சங்கதி

கூட்டாகப் படமெடுப்பது நம் கரைக்குப் புதிதன்று. ஜான் தாம்சன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் 1862இல் சிங்கப்பூருக்கு வந்தார். பினாங்குத் தீவிலும் வெல்லஸ்லி மாகாணத்திலும், அதாவது நம் ஊர் இருக்கும் இன்றைய செபராங் பிறையிலும், பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் வைத்துக் கழுவ வேண்டும். தனியொருவரால் ஆகக்கூடிய வேலையா இது? சீனர்கள் இதைப் பேய் வேலையென்று ஒதுங்கியதாகவும், மதராஸ் பக்கத்து ஆட்கள் இருவரைப் பழக்கி உதவிக்கு வைத்ததாகவும் 1875இல் வெளியான தமது நூலில் அவர் எழுதியிருக்கிறார்.

அந்த இருவரின் பெயரை அவர் அவ்விடத்தில் எழுதவில்லை. ‘மதராஸ் ஆட்கள்’, ‘கிளிங்’ என்பதோடு சரி. படம் கழுவிய கைகள் இன்னாருடையவை என்று அறிய வழியில்லாமல் போயிற்று. நமக்கும் அந்த வலி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கடை வாசலில் நின்ற நம் அத்தாவை யாரோ படமெடுத்துப் போனார். பிறகு ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தைக் கண்டோம். அடியில் ‘இந்திய வியாபாரி’ என்று மட்டும் இருந்தது. நாற்பது வருஷம் ஒரே வாசலில் நின்ற மனிதருக்கு ஒரு பெயர் இல்லையா?

ஆயத்தம் செய்ய வேண்டிய நான்கு

ஒன்று, பொருள். ‘ஜார்ஜ் டவுன்’ என்றால் அது கடல். நாலு நாளில் அள்ள முடியாது. ‘ஒரு நாசி கண்டார் கடையில் ஒரு நாள்’ என்றால் கைக்குள் அடங்கும். முகாமுக்கு முன்பே பிள்ளை பழக வேண்டும். நம் மருமகன் இரண்டு வாரம் காலைதோறும் நம் ஊர் நாற்சந்தியில் நின்று பழகினான். ஒரே காட்சியைத் தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கைகள் மட்டும் தெரியக் கிட்டத்தில் ஒன்று என்று மூன்று விதமாக எடுப்பான்.

இரண்டு, கூட்டு. பங்கு வியாபாரம் வாய்ப்பேச்சால் கெட்டதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அது போலத்தான் இதுவும். யார் அடுப்படியில், யார் கல்லாவில், யார் கடைக்காரரிடம் பேசுவது, யார் குறிப்பெழுதுவது என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாக் காமிராக்களின் கடிகாரத்தையும் ஒரே மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் படங்களையும் வரிசைப்படுத்துவதற்குள் பொழுது விடிந்துவிடும். அன்றன்றைய படங்களை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பேர் வீட்டில் வைப்பது நலம். உபரி பாட்டரி, மழைக்குப் பிளாஸ்டிக் பை, துடைக்கத் துணி ஆகியவை அவசியம். குளிர்சாதன அறையிலிருந்து நேரே அடுப்படிக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

மூன்று, அனுமதி. முதலாளி சம்மதித்துவிட்டால் வேலையாளும் சம்மதித்ததாக ஆகாது. கடை முதலாளியுடையது, முகம் அவரவருடையது.

நான்கு, குறிப்பு. யார், எங்கே, எந்த நாள், என்ன செய்துகொண்டிருந்தார் என்ற நான்கும் ஒவ்வொரு படத்துக்கும் வேண்டும். பெயரை அவரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பேரேட்டில் பெயரில்லாத பற்றை யார் தலையில் வசூலிப்பது? பெயரில்லாத படமும் அப்படித்தான்.

நாம் தவறிய இடம்

இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அனுமதி என்ற பாடத்தை நாம் முதலில் தலைகீழாகவே சொல்லிக் கொடுத்தோம். “கேட்டால் வேண்டாமென்பார்கள், முதலில் எடு, பிறகு பேசிக்கொள்ளலாம்” என்றோம். “அப்படிச் செய்யக் கூடாது, மாமா. நம் தாத்தாவை எடுத்தவரும் அப்படித்தானே எடுத்திருப்பார்!” என்றான் பையன். நமக்கு வாயடைத்துப் போயிற்று.

அவன் குழுவில் நால்வர். சுபுஹுக்குப் பின் அடுப்பு மூட்டுவதிலிருந்து இரவு கடை அடைப்பது வரை ஒரு நாசி கண்டார் கடையை எடுத்தார்கள். பையனுக்குக் கிடைத்தது பின்கட்டு. அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டுத்தான் எடுத்தான், அவரும் தலையசைத்தார். சன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்த ஒரு படம், குழுவிலேயே சிறந்ததென்று ஆசிரியர் சொன்னார். மறுநாள் குறிப்புப் புத்தகத்தோடு போய், “உங்கள் பெயரை எழுதித் தாருங்கள், அண்ணே. படம் கண்காட்சியில் வைக்கப்படும்” என்றான்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். “தம்பி, ஊரில் என் வீட்டில் நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறது. எடுக்கும்போது உனக்குத்தான் என்று நினைத்தேன். ஊரெல்லாம் பார்க்குமா?” என்று கேட்டார்.

அன்று மாலை குழுவில் பெரிய வாக்குவாதம். “தலையசைத்தாரே, போதாதா? பெயரைப் போடாமல் படத்தை மட்டும் வைப்போம்” என்றான் ஒருவன். “மகளுக்குத் தகப்பன் முகம் தெரியாதா?” என்று கேட்டான் நம் பையன். கடைசியில் நால்வரும் ஒப்பி அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு படங்கள் வைக்க வேண்டிய இடத்தில் பதினொன்று வைத்து, பன்னிரண்டாவதாகக் கழுவி அடுக்கிய தட்டுகளின் படத்தை வைத்தார்கள். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. நாம் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அந்தத் தட்டுகளின் முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. நாம் நின்றோம்.

பெயர் எழுதாமல் விட்டதால் நம் அத்தா மறைந்தார். பெயர் கேட்டதால் அந்தப் பெரியவரின் மானம் காப்பாற்றப்பட்டது. எழுத வேண்டிய பெயர் எது, மறைக்க வேண்டிய பெயர் எது என்பது கேட்டால்தான் தெரியும். கேட்கப் பழகுவதே இந்த ஆயத்தத்தின் சாரம். மற்றவையெல்லாம் முகாமிலேயே கற்றுக்கொள்ளக் கூடியவை.

நாம் செய்யக்கூடியது

சகோதரர்களே! பிள்ளை இப்படி ஒரு முகாமுக்குப் போகக் கேட்டால், கடைக்கு ஆள் இல்லையென்று தடுக்காதீர்கள். இன்னொருவர் பிள்ளை உங்கள் கடைக்குக் காமிராவோடு வந்தால், உங்கள் சம்மதத்தைச் சொல்வதோடு, “வேலையாட்களையும் தனித்தனியே கேள், எங்கே வைப்பாய் என்பதையும் சொல்” என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைச் சுவரில், பெட்டியில், பழைய படங்கள் இருக்குமல்லவா? பெரியவர்கள் இருக்கும்போதே இன்னார், இன்ன ஊர், இன்ன வருஷம் என்று விசாரித்து, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். மை ஊறும், பென்சில் ஊறாது. அத்தாவின் படத்தில் நாம் எழுதிவிட்டோம். அவரோடு நிற்கும் இரண்டு பேரின் பெயரைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.