முதலில் மரம் காயட்டும்

வீட்டின் பின்புறத்தில் சிறிய தச்சுப் பட்டறை போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இயந்திரங்களின் விலையைத்தான். மேசை ரம்பம், மின் இழைப்புளி, ரூட்டர் என்று பட்டியல் நீளும். மரமோ 'மரவாடியில் வாங்கிக்கொள்ளலாம்' என்ற அளவில் கடைசியில் நிற்கும். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்தில் பட்டறை போடுபவர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதல் பணம் மரத்துக்கும், அதை அடுக்கிவைக்கும் நிழலான இடத்துக்கும், ஒரு தராசுக்கும் போகட்டும். வீட்டில் செய்த முக்காலி ஆடுவதும், பெட்டியின் மூடி வளைவதும், அலமாரிக் கதவு மழைக்காலத்தில் மூட மறுப்பதும் பெரும்பாலும் கைத்திறன் குறைவால் நடப்பதில்லை. மரத்தில் மிஞ்சிய ஈரத்தாலும், ஈரத்தோடு மரம் அசையும் என்பதை மறந்து செய்த இணைப்பாலும் நடப்பவை. எவ்வளவு விலை உயர்ந்த ரம்பமும் இதைச் சரிசெய்யாது.

வெட்டிய புதிதில் மரத்தின் உலர் எடையில் பாதிக்கும் மேலாகத் தண்ணீர் இருக்கும். அது ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை எடை குறையுமே தவிர அளவு மாறாது. அதற்குக் கீழே ஒவ்வொரு சதவீதம் இறங்கும்போதும் மரம் சுருங்குகிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது, அகலவாக்கில்தான் சிக்கல். வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. பலகை வளைவதற்கும், மரத்தின் நடுமையம் உள்ளே மாட்டிக்கொண்ட துண்டு எப்படியும் வெடிப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். முழுதாகக் காய்ந்த பிறகும் அசைவு நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் 7 அல்லது 8 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 சதவீதமானால் 15 சதவீதத்துக்கு ஏறும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 287 நாட்டைக் காற்றின் ஈரப்பதத்தை வைத்து மண்டலங்களாகப் பிரித்து, மரச்சாமான்களில் இருக்கத்தக்க ஈர அளவை மண்டலவாரியாகச் சொல்வதும் இதனால்தான். கடலோரத்தில் சரியாக இருந்த பலகை சேலத்துச் சமவெளிக்கு வந்தால் இன்னும் சுருங்கும்.

ஆகவே முதல் வேலை மரத்தைத் தேர்ந்தெடுப்பது. பழைய வீடுகள் இடிபடும்போது வரும் உத்திரம், நிலை, கைமரம் ஆகியவை புதிதாகத் தொடங்குபவருக்குக் கிடைக்கும் நல்ல சரக்கு. பல பத்தாண்டுகள் இந்த ஊர்க் காற்றிலேயே இருந்து பழகியவை அவை. வாங்கியதும் வலுவான காந்தத்தை மேலெல்லாம் ஓட்டி, புதைந்திருக்கும் ஆணிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியாக்க வேண்டாம். அறுத்த பிறகு உள்ளே இருந்த புதிய முகங்கள் காற்றோடு பழக இரண்டு மூன்று வாரம் விடுங்கள். புது மரம்தான் வேண்டுமென்றால் வேம்பும் வாகையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆத்தூருக்குத் தெற்கே, புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களுக்குப் பேர்போன தம்மம்பட்டியில் வாகையில் செதுக்கும் சாமி உருவங்களைப் பார்த்தாலே, நம் வட்டார மரம் எவ்வளவு நுண்ணிய வேலைக்கும் ஈடுகொடுக்கும் என்பது புரியும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும். ஆனால் பழகும் காலத்தில் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. எந்த மரமானாலும் வைரம் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும்; வண்டு துளைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது அடுக்குவது. பலகை அறுபட்டு வந்த அன்றே இரண்டு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்ட்டோ மெழுகோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். பூசாமல் விட்டால் முனைவெடிப்பு விரைவிலேயே உள்ளே போய்விடும். கரையானுக்கு எட்டாதபடி செங்கல் மேலோ கல் மேலோ ஓரடி உயரத்தில் தளம் அமைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓரங்குலக் குறுக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேல் வரிசையின் கட்டை கீழ் வரிசையின் கட்டைக்கு நேர் மேலே இருப்பது முக்கியம்; கொஞ்சம் விலகினாலும் பலகை அந்த இடத்தில் வளைந்தபடியே காய்ந்துவிடும். மேலே கனமான கற்களை ஏற்றி, வெயிலும் மழையும் படாமல் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

'எங்கள் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு, வாசலில் போட்டால் காய்ந்துவிடாதா?' என்று கேட்பார்கள். சேகோ ஆலைகளின் களத்தில் ஜவ்வரிசி ஒரே பகலில் காய்வதைப் பார்த்துப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி இயல்பானது. ஜவ்வரிசி மணி சிறியது. உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் காய்கிறது. ஓரங்குலப் பலகையில் மேல்தோல் காய்ந்து சுருங்கத் துடிக்கும்போது உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் தோல் வெடிக்கிறது. சித்திரை வெயில் மரத்துக்கு உதவி அல்ல, ஆபத்து. நிழலும் காற்றும்தான் மரத்தைக் காயவைக்கும்.

எப்போது காய்ந்தது என்பதை வியாபாரியின் வாய்ச்சொல்லை வைத்தோ, தட்டிப் பார்க்கும் ஓசையை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சமையலறை மின்தராசு போதும். அடுக்கில் உள்ள அதே மரத்தில், அதே தடிமனில், இரண்டடி நீளத் துண்டு ஒன்றுக்கு முனை பூசி, அடுக்கின் நடுவிலேயே எளிதில் எடுக்கும்படி செருகிவையுங்கள். வாரம் ஒருமுறை எடைபோட்டு, தேதியோடு அந்தத் துண்டின் மேலேயே எழுதுங்கள். முதலில் எடை வேகமாக இறங்கும். பிறகு மெதுவாக இறங்கும். கடைசியில் நான்கைந்து வாரங்கள் தொடர்ந்து மாறாமல் நிற்கும். அன்றுதான் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்திருக்கிறது. ஓரங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கு வெறும் தோராயம். வெப்பமான ஊரில் அதற்கு முன்பே காய்ந்துவிடக்கூடும். உங்கள் மரத்தைப் பற்றிய உண்மையைத் தராசுதான் சொல்லும்.

அந்தக் காலத்து ஆசாரிகள் எடைபோட்டா வேலை செய்தார்கள் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. அவர்களுக்குக் காத்திருக்கும் காலம் இருந்தது. மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைத்து, பிறகு நிழலில் நெடுநாள் போட்டுவைக்கும் வழக்கமும் இருந்தது. தராசு அந்த அனுபவத்துக்கு மாற்று இல்லை. அனுபவம் சேரும்வரை அது நம் கையைப் பிடித்துக்கொள்கிறது. பிளைவுட் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பவர்களுக்கு என் பதில்: அலமாரியின் உள்தட்டுக்கும் முதுகுக்கும் பிளைவுட்டே நல்லது, தயங்காமல் போடுங்கள். உட்காரும் மணையையும், பேரன் காலத்தில் இழைத்துப் புதுப்பிக்க வேண்டிய பெட்டியையும் மரத்தில்தான் செய்ய வேண்டும்.

மரம் காயும் மாதங்கள் வீணல்ல. அதற்குள் ஒரு கைரம்பம், இரண்டு அளவில் உளி, ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல், ஒரு டிரில் ஆகியவற்றைச் சேருங்கள். துண்டு மரங்களில் உளியைத் தீட்டிப் பழகுங்கள். தேய்க்கும் வேலையைத் திறந்த வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்திருக்கிறது.

முதல் வேலையாக மணை செய்யுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமனில் ஒரு பலகை. கீழே நாரோட்டத்துக்குக் குறுக்கே இரண்டு கால்சட்டங்கள். எளிமையான பொருள்தான், ஆனால் மேலே சொன்ன அத்தனையும் இதில் சோதனைக்கு வரும். மாசியிலிருந்து ஐப்பசிக்குள் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால், ஓரடி அகலம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். குறுக்கே ஓடும் சட்டமோ நீளவாக்கில் விரியாது. இரண்டையும் முழுக்கப் பசை தடவி ஒட்டினால் பலகை வெடித்தே தீரும். எனவே ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று திருகு போடுங்கள். நடுத் திருகுக்கு மட்டும் இறுக்கமான துளை. அதைச் சுற்றி இரண்டங்குலத்துக்கு மட்டும் பசை. ஓரத் திருகு இரண்டுக்கும் சட்டத்தின் நீளவாக்கில் 10 மில்லிமீட்டர் நீளத் துளை, கீழே வாஷர். பலகை நடுவிலிருந்து இரு பக்கமும் தன்னிச்சையாக நகரும், மணை சமமாகவே இருக்கும். எண்ணெயோ பாலிஷோ எதுவானாலும் மேல்முகத்துக்குப் பூசிய அளவே அடிமுகத்துக்கும் பூசுங்கள். ஒரு முகம் மட்டும் ஈரம் இழுத்தால் பலகை குழிந்துவிடும்.

அடுத்து இழுப்பறை செய்யும்போது இதே கணக்கை மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஆத்தூரில் ஆவணியிலிருந்து கார்த்திகை வரை காற்றில் ஈரம் கூடும். பங்குனியில் செய்யும் இழுப்பறைக்கு மேலே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் செய்வதானால் நெருக்கமாகவே பொருத்துங்கள், தை பிறந்தால் அதுவாகவே தளர்ந்து கொடுக்கும்.