பதினெட்டு விருதுகளும் ஒரு மொழியும்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 76ஆவது எம்மி விருது விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. சிறந்த நாடகத் தொடருக்கான விருது 'ஷோகன்' தொடருக்கு அறிவிக்கப்பட்டதும் அரங்கம் கைத்தட்டலால் அதிர்ந்தது. அத்தொடரின் கலைஞர்கள் மேடையேறினர். அவர்களுள் ஒருவர் ஹிரோயுகி சனடா. தொடரின் முதன்மை நடிகரும் தயாரிப்பாளர்களுள் ஒருவருமான அவர் ஒலிவாங்கியின் முன் நின்று தம் தாய்மொழியான ஜப்பானிய மொழியில் பேசினார். ஜப்பானிய வரலாற்று நாடகங்களைக் காலங்காலமாகக் காத்து வளர்த்த முன்னோடிகளுக்கு நன்றி கூறினார். அவர்களிடமிருந்து பெற்ற ஆர்வமும் கனவும் இன்று கடலைத் தாண்டி வந்துவிட்டன என்ற பொருளில் அவரது உரை அமைந்தது.

அரங்கில் இருந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அம்மொழி தெரியாது. ஆயினும், அனைவரும் அமைதியாகச் செவிமடுத்தனர். பெரும்பகுதி ஆங்கிலம் அல்லாத மொழியில் அமைந்த ஒரு தொடர் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை வென்றது அதுவே முதன்முறையாகும்.

எம்மி விருது

அமெரிக்கத் தொலைக்காட்சி உலகின் உயரிய விருது எம்மி. இவ்விருது 1949ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகிறது. அக்காலத் தொலைக்காட்சிப் படக்கருவியில் இருந்த ஒரு குழாயைத் தொழில்நுட்பர்கள் 'இம்மி' என்று செல்லமாக அழைத்தனர். அப்பெயரே சற்று மாறி 'எம்மி' ஆயிற்று. சிறகுகள் கொண்ட ஒரு பெண் அணுவொன்றைக் கைகளில் ஏந்தி நிற்பது போல விருதுச் சிலை வடிவமைக்கப்பட்டுள்ளது. சிறகுகள் கலையைக் குறிக்கின்றன; அணு அறிவியலைக் குறிக்கிறது. கலையும் அறிவியலும் இணைந்ததே தொலைக்காட்சி என்பதை அச்சிலை உணர்த்துகிறது.

விருதுக்குரியவர்களைத் தொலைக்காட்சிக் கழகத்தின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். முதலில் பரிந்துரைப் பட்டியல் உருவாகும். அதன் பிறகு, அப்பட்டியலிலிருந்து வெற்றியாளர் தேர்வு செய்யப்படுவார். நடிகர்களை நடிகர்களும் எழுத்தாளர்களை எழுத்தாளர்களும் ஒப்பனைக் கலைஞர்களை ஒப்பனைக் கலைஞர்களும் மதிப்பிடுகின்றனர். ஆகவே, பரிந்துரை பெறுவதையே கலைஞர்கள் பெருமையாகக் கருதுகின்றனர். ஒரு தொழிலின் நுணுக்கம் அத்தொழிலைச் செய்பவருக்குத்தானே நன்கு தெரியும்!

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான பரிந்துரைப் பட்டியலில் 'ஷோகன்' 25 பரிந்துரைகளுடன் முதலிடம் பெற்றது. அவற்றுள் 18 பரிந்துரைகள் விருதுகளாயின. அதற்கு முன், ஒரே ஆண்டில் மிக அதிகமான எம்மி விருதுகளைப் பெற்ற தொடர் 'ஜான் ஆடம்ஸ்'. 2008ஆம் ஆண்டில் அது 13 விருதுகளை வென்றிருந்தது. அச்சாதனையை 'ஷோகன்' முறியடித்தது.

சாங்கியிலிருந்து ஒரு நாவல்

'ஷோகன்' என்பது பழங்கால ஜப்பானில் படைத்தலைவராகவும் ஆட்சியாளராகவும் விளங்கியவரைக் குறிக்கும் பட்டம். இத்தொடர் ஜேம்ஸ் கிளாவல் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவியது. இரண்டாம் உலகப் போரின்போது கிளாவல் ஜப்பானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கிச் சிங்கப்பூரின் சாங்கியில் அடைக்கப்பட்டவர். பசியும் நோயும் சூழ்ந்த வாழ்க்கையை அங்கு அவர் நேரில் கண்டார். தம்மைச் சிறைவைத்த நாட்டின் மீது வெறுப்பை வளர்த்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. எனினும், பிற்காலத்தில் அவர் அந்நாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்து, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒரு நாவலை எழுதினார்.

கதை 1600ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பிளாக்தோர்ன் என்னும் ஆங்கில மாலுமியின் கப்பல் ஜப்பானியக் கரையில் ஒதுங்குகிறது. அங்கே டொரனாகா என்னும் பிரபு, தம்மை வீழ்த்தத் துடிக்கும் எதிரிகளுக்கு நடுவே வாழ்கிறார். மாலுமிக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பிரபுவுக்கு மாலுமியின் மொழி தெரியாது. இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் மரிகோ என்னும் பெண். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவுகள் அவர் கையில்தான் இருக்கின்றன. ஒரு சொல் தவறினாலும் ஓர் உயிர் போய்விடலாம் என்ற நிலை.

இந்நாவல் 1980ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சித் தொடராக வெளிவந்து, சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது. ஆனால், அத்தொடரில் ஜப்பானியர்கள் பேசியவற்றுக்கு வசனவரிகள் தரப்படவில்லை. பார்வையாளர்கள் ஆங்கில மாலுமியின் கண்களாலேயே கதையைப் பார்க்கவேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் எண்ணம். இதனால், ஜப்பானியப் பாத்திரங்கள் தங்கள் சொந்த நாட்டுக் கதையிலேயே புரியாத மனிதர்களாக நின்றனர்.

சொற்களின் நெடும்பயணம்

புதிய தொடரை உருவாக்கிய ஜஸ்டின் மார்க்ஸ், ரேச்சல் கோண்டோ தம்பதியர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தனர். ஜப்பானியர்கள் தங்களுக்குள் ஜப்பானிய மொழியிலேயே பேசவேண்டும். அவர்களின் பேச்சைப் பார்வையாளர்கள் வசனவரிகள் வழியாக முழுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தனர். தொடரின் ஏறக்குறைய 70 விழுக்காட்டு உரையாடல் ஜப்பானிய மொழியில் அமைந்தது. வசனவரிகளைப் படிக்கப் பலர் விரும்பமாட்டார்கள் என்ற அச்சம் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் நெடுங்காலமாக இருந்து வந்தது. ஆகவே, பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் ஒரு தொடருக்கு இது துணிச்சலான முடிவுதான்.

உரையாடல்கள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. அவை தோக்கியோவுக்கு அனுப்பப்பட்டு ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டன. பிறகு, கியோகோ மோரிவாகி என்னும் நாடக ஆசிரியர் அவற்றை நானூறு ஆண்டுகளுக்கு முந்திய காலத்துக்கு ஏற்ற நடையில் செப்பனிட்டார். பிரபு பேசும் மொழி வேறு. மீனவர் பேசும் மொழி வேறு. பெண்களின் பணிவுச் சொற்கள் வேறு. இவை அனைத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. காட்சிகள் படமான பின்னர், நடிகர்கள் பேசிய ஜப்பானிய உரையாடல் மீண்டும் ஆங்கில வசனவரிகளாக மாற்றப்பட்டது. ஒரு வசனம் இரண்டு முறை மொழி எல்லையைத் தாண்டிய பிறகே பார்வையாளரை அடைந்தது.

திரைக்குப் பின்னால்

'ஷோகன்' பெற்ற 18 விருதுகளுள் 14 விருதுகள், முதன்மை விழாவுக்கு ஒரு வாரத்திற்கு முன் நடந்த கலைப்பிரிவு விழாவில் வழங்கப்பட்டவை. அதாவது, முதன்மை விழா தொடங்கும் முன்னரே பழைய சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டது. சிறப்பு நடிகருக்கான விருதை நெஸ்டர் கார்பொனெல் பெற்றார். மற்றவை பெரும்பாலும் மக்களுக்குப் பெயர் தெரியாத கலைஞர்களுக்குக் கிடைத்தன. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை இயக்கம், உடை, சிகையலங்காரம், ஒப்பனை, ஒலியமைப்பு, காட்சி விளைவுகள், சண்டைக் காட்சி எனப் பல துறைகள் பாராட்டப்பட்டன.

இவ்வெற்றிக்குப் பின்னால் சனடாவின் உழைப்பும் இருக்கிறது. ஐந்து வயதில் நடிக்கத் தொடங்கிய அவர், 'தி லாஸ்ட் சாமுராய்' முதலிய பல ஆங்கிலப் படங்களில் நடித்தவர். ஜப்பானியப் பண்பாடு அயல்நாட்டுப் படங்களில் பிழையாகக் காட்டப்படுவதைத் தடுக்க, நடிகராக இருந்துகொண்டே ஆலோசனைகளையும் வழங்கி வந்தார். 'ஷோகன்' தொடரில்தான் முதன்முறையாகத் தயாரிப்பாளர் என்ற பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. படப்பிடிப்பு கனடாவில் நடைபெற்றது. உடை, சிகை, பொருள்கள், உடலசைவு ஆகியவற்றில் தேர்ந்த வல்லுநர்கள் ஜப்பானிலிருந்து வரவழைக்கப்பட்டனர். தமக்குக் காட்சி இல்லாத நாள்களிலும் சனடா படப்பிடிப்புத் தளத்திற்கு வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். இடைக்கச்சையை எப்படிக் கட்டுவது, வாளை எந்தப் பக்கம் வைப்பது, எப்படி அமர்ந்து எழுவது போன்றவை சிறிய செய்திகள்தாம். ஆனால், அப்பண்பாட்டைச் சேர்ந்தவருக்கு அவற்றில் ஒரு பிழை நேர்ந்தாலும் கதையின் மீதே நம்பிக்கை குறைந்துவிடும்.

முதன்மை விழாவில் மேலும் நான்கு விருதுகள் கிடைத்தன. சிறந்த நாடகத் தொடர் விருதுடன், சிறந்த இயக்கத்திற்கான விருதை ஃபிரெட்ரிக் டோய் பெற்றார். சனடா சிறந்த நடிகரானார். மரிகோவாக நடித்த அன்னா சவாய் சிறந்த நடிகையானார். நாடகத் தொடர்ப் பிரிவில் சிறந்த நடிகைக்கான விருதை ஆசிய மரபினர் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை.

இப்பாதையில் முதலில் அடியெடுத்து வைத்தது கொரியத் தொடரான 'ஸ்குவிட் கேம்'. 2022ஆம் ஆண்டில் அது 14 பரிந்துரைகளைப் பெற்று ஆறு விருதுகளை வென்றது. சிறந்த நாடகத் தொடர்ப் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டது. எனினும், அவ்விருது அதற்குக் கிட்டவில்லை. 'ஸ்குவிட் கேம்' தட்டிய கதவு இரண்டே ஆண்டுகளில் 'ஷோகன்' தொடருக்குத் திறந்தது.

வெல்லாத ஏழு

25 பரிந்துரைகளுள் ஏழு, விருதாக மாறவில்லை. திரைக்கதைக்கு 'ஷோகன்' இரண்டு பரிந்துரைகளைப் பெற்றிருந்தும் அவ்விருது வேறு தொடருக்குச் சென்றது. துணை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட தடனோபு அசானோவும் அன்று வெறுங்கையுடன் திரும்பினார். ஆனால், 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த கோல்டன் குளோப் விழாவில் அதே பாத்திரத்திற்காக அவருக்கு விருது கிடைத்தது. அவரது நடிப்பு இரண்டு விழாக்களிலும் ஒன்றுதான். தீர்ப்பு வழங்கியவர்கள்தாம் வேறு. விருது ஒருவரின் உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பு. அது கிடைக்காததால் உழைப்பின் தரம் குறைந்துவிடுவதில்லை.

உலகம் கேட்கவேண்டுமானால் உலகப் பொதுமொழியில்தான் பேசவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், தம் மொழியைத் திருத்தமாகவும் நேர்மையாகவும் வழங்கினால், அதைப் புரிந்துகொள்ள மற்றவர்கள் முன்வருவார்கள் என்பதற்கு 'ஷோகன்' சான்றாகிறது. கதைக்குள் மரிகோ ஒருத்தி இரு மொழிகளுக்கு இடையே பாலமாக நின்றாள். கதைக்கு வெளியே எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், உடை தைத்தவர்கள், ஒலி சேர்த்தவர்கள் எனப் பலரும் சேர்ந்து அப்பாலத்தைக் கட்டினர். அன்றிரவு மேடையில் ஒலித்த ஜப்பானியச் சொற்கள் அப்பாலத்தின் வழியாகவே நடந்து வந்தன.

சிந்தித்து விடையளிக்க

1. 1980ஆம் ஆண்டுத் தொடருக்கும் 2024ஆம் ஆண்டுத் தொடருக்கும் மொழியைக் கையாண்ட முறையில் உள்ள வேறுபாடு யாது?
2. 'ஒரு வசனம் இரண்டு முறை மொழி எல்லையைத் தாண்டியது' என்பதை உன் சொந்த நடையில் விளக்குக.
3. சிறிய செய்திகளிலும் சனடா கவனம் செலுத்தியதற்குக் காரணம் என்ன?
4. 'விருது கிடைக்காததால் உழைப்பின் தரம் குறைந்துவிடுவதில்லை.' இக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் எழுதுக.